ஆற்றில் பிடித்த குட்டை சிக்லிட்: இனம் எது, ஆண் எது, பெண் எது?

கேள்வி இது: பெருவிலிருந்து வந்த "கலப்பு அபிஸ்டோ, ஆற்றில் பிடித்தவை" என்ற பெயரில் எட்டு மீன்கள் வாங்கியிருக்கிறீர்கள். (அபிஸ்டோ என்பது அபிஸ்டோகிராமாவின் சுருக்கம்; சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்த தென் அமெரிக்கச் சிறு மீன்களின் பேரினம் அது.) மூன்று பெரியவை. அவற்றில் இரண்டுக்கு முதுகுத் துடுப்பின் முன்பகுதி நீண்டு எழும்பியிருக்கிறது, வால் இரு முனையாகப் பிரிந்திருக்கிறது. மூன்றாவதன் வால் ஒரே கூர்முனையில் முடிகிறது. மீதி ஐந்தும் சிறியவை. மங்கிய மஞ்சள் உடல், வட்ட வால். "மூன்று ஆண், ஐந்து பெண்" என்று சொல்லி விற்றிருக்கிறார் கடைக்காரர். இவற்றைப் படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறீர்கள். மற்ற இடங்களில் நீங்கள் பார்த்த படங்களில் காணும் சிவப்பு இவற்றில் எதற்கும் இல்லை. ஏமாந்துவிட்டேனா, இவை என்ன இனம், அந்த ஐந்தும் பெண்கள்தானா என்பது உங்கள் சந்தேகம்.

நீங்கள் ஏமாறவில்லை. ஆனால் அந்தத் தொட்டியில் குறைந்தது இரண்டு இனங்கள் இருக்கின்றன. ஐந்தும் பெண் என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் நான் நம்பமாட்டேன்.

முதலில் சிவப்பைப் பற்றி. நீங்கள் பார்த்த படங்கள் பண்ணைமீன்களின் படங்கள். அபிஸ்டோகிராமா ககாட்டுவாய்டிஸ் என்ற இனத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து வளர்த்து, முதுகிலும் வாலிலும் குதத் துடுப்பிலும் சிவப்பு பரவிய வகைகளை உருவாக்கியிருக்கிறார்கள். "இரட்டைச் சிவப்பு", "முச்சிவப்பு" என்றெல்லாம் விலை வைப்பது அந்த வகைகளுக்குத்தான். ஆற்றில் வாழும் ககாட்டுவாய்டிஸ் ஆண் சாம்பலும் மஞ்சளும் கலந்த உடலோடு, வாலின் மேற்பகுதியில் ஒன்றிரண்டு சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும். அதுவும் இல்லாத ஆண்களும் உண்டு. ஆகவே ஆற்றுமீன் என்ற பெயரில் பளிச்சென்ற சிவப்போடு ஒன்று வந்திருந்தால்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும்.

இனம் காண்பதில் நிறத்தை நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அடிப்படையான காரணம் வேறு. அபிஸ்டோகிராமா பேரினத்தை 1913இல் நிறுவியவர் ரீகன் என்ற மீனியலாளர். இன்று அதில் விவரிக்கப்பட்ட இனங்கள் தொண்ணூறைத் தாண்டிவிட்டன. அவற்றில் கணிசமானவற்றுக்குப் பெயரிட்டவர் ஸ்டாக்ஹோமில் உள்ள ஸ்வீடன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஸ்வென் குல்லண்டர். அவருடைய 1980ஆம் ஆண்டு ஆய்வு இன்றும் இந்தத் துறையின் அடித்தளம். அருங்காட்சியகத்தில் மீன் இருப்பது சாராயப் புட்டியில். அந்தத் திரவத்தில் நீலமும் சிவப்பும் மஞ்சளும் கரைந்து போய்விடும். கருப்பு மட்டும் நிற்கும். ஆகவே இனங்களைப் பிரித்த அறிஞர்கள் கருப்புக் குறிகள், துடுப்பு முட்களின் எண்ணிக்கை, உடல் அமைப்பு ஆகியவற்றை வைத்தே பிரித்தார்கள். தாடையிலும் கண்ணுக்குக் கீழும் உள்ள நுண்துளைகளைக்கூட எண்ணினார்கள். நுண்துளைகளை உயிருள்ள மீனில் எண்ண நம்மால் முடியாது. மற்றவற்றைக் கண்ணாடிக்கு வெளியே இருந்தே பார்த்துவிடலாம்.

பார்க்க வேண்டிய கருப்புக் குறிகள் இவை. கண்ணிலிருந்து வாலடி வரை உடலின் நடுவே ஓடும் பக்கப்பட்டை. அந்தப் பட்டை எவ்வளவு அகலம், நேராகப் போகிறதா, வாலடியில் நிற்கிறதா, வாலுக்குள்ளும் நீள்கிறதா என்று கவனியுங்கள். அடுத்து வாலடியில் தனியாக ஒரு புள்ளி இருக்கிறதா, அது வட்டமா, செங்குத்தாக நீண்டதா என்று பாருங்கள். கண்ணிலிருந்து கீழ்நோக்கிச் சாய்ந்து செவுள்மூடியின் ஓரம்வரை வரும் கன்னக்கோடு இன்னொன்று. பக்கப்பட்டைக்குக் கீழே வயிற்றில் ஓடும் மெல்லிய கோடுகளை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை; உங்கள் பிரச்சினையில் பாதியை அவைதான் தீர்க்கப் போகின்றன.

ஒரு சிக்கல் உண்டு. இந்தக் குறிகள் எல்லாம் எப்போதும் தெரிவதில்லை. பயந்த மீனில் பக்கப்பட்டை மட்டும் தெரியும், அல்லது எல்லாமே வெளுத்துவிடும். சண்டைக்கு நிற்கும் மீனில் பட்டை மறைந்து செங்குத்துப் பட்டைகள் தோன்றும். குஞ்சு காக்கும் பெண்ணில் பட்டை சுருங்கி விலாவில் ஒரு புள்ளியாக நிற்கும், கன்னக்கோடு மை பூசியதாகக் கறுக்கும், உடல் எலுமிச்சை மஞ்சளாக மாறும். ஒரே மீனை மூன்று மனநிலைகளில் படம் எடுத்து, மூன்று இனங்கள் என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே பிளாஸ்டிக் பையில் வைத்து எடுத்த படம் எதற்கும் உதவாது. நீங்கள் அனுப்பிய படங்களில் இரண்டு அப்படிப்பட்டவை.

மீன்களை மங்கிய வெளிச்சத்தில், தரையில் உலர்ந்த நாட்டு வாதுமை இலைகள் பரப்பிய தொட்டியில் இரண்டு மூன்று வாரம் தொந்தரவு செய்யாமல் விடுங்கள். ஆற்றுமீன்களை எப்படியும் தனித்தொட்டியில் வைத்துக் கண்காணிக்கத்தான் வேண்டும். குடற்புழுவோடு வருபவை அதிகம். வயிறு ஒட்டி, வெள்ளை நூல்போல் கழித்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஒட்டிய வயிறு இன்னொரு வகையிலும் குழப்பும்: முட்டை சுமக்கும் வயதுப் பெண்கூட மெலிந்து, இளம் ஆணாகத் தெரியும். ஆர்ட்டீமியா, கொசுப்புழு என்று உயிருணவு கொடுத்துத் தேற்றிய பிறகு, குறுகலான கண்ணாடிப் பெட்டி ஒன்றில் ஒவ்வொரு மீனாக விட்டு, ஃபிளாஷ் இல்லாமல், பக்கவாட்டில் படம் எடுங்கள். துடுப்புகள் விரிந்திருக்கும் கணத்துக்குக் காத்திருங்கள்.

இதற்கிடையில் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த ஆறு? பெருவின் அபிஸ்டோக்களில் பெரும்பாலானவை இகீட்டோஸ் நகரத்தின் ஏற்றுமதியாளர்கள் வழியாக வருகின்றன. உகயாலி, நனாய், தவாயோ என்று பல ஆறுகளின் மீன்கள் அங்கே ஒரே கிடங்கில் வந்து சேர்கின்றன. பெட்டியில் ஆற்றின் பெயர் எழுதியிருந்தால் இனப்பட்டியல் தொண்ணூறிலிருந்து ஏழெட்டாகக் குறைந்துவிடும். "பெரு" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த இரண்டு மீன்களும் ஒரே இடத்தைச் சேர்ந்தவை என்று நினைக்காதீர்கள்.

இனி உங்கள் பெரிய மீன்கள். முன்பகுதி நீண்ட முதுகுத் துடுப்பும் இருமுனை வாலும் கொண்டவை பெருவில் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. ஆனால் வியாபாரத்தில் வழக்கமாக வருபவை இரண்டுதான்: 1951இல் ஹூடெமன் விவரித்த ககாட்டுவாய்டிஸ், 1936இல் பெல்லெக்ரின் விவரித்த பிட்டேனியாட்டா. கடைகளில் இரண்டையும் மாற்றி விற்பது வழக்கம். வயிற்றைப் பாருங்கள். பக்கப்பட்டைக்குக் கீழே தெளிவான, அறுபடாத இரண்டாவது பட்டை ஒன்று இணையாக ஓடினால் பிட்டேனியாட்டா. ஒன்றுக்குமேல் மெல்லிய கோடுகள் அரைகுறையாக, செதில் வரிசையை ஒட்டி விட்டுவிட்டு ஓடினால் ககாட்டுவாய்டிஸ். தலையும் உதவும். ககாட்டுவாய்டிஸுக்குப் பெரிய வாய், தடித்த உதடு, முரட்டு முகம். வளர்ந்த ஆணைப் பக்கவாட்டில் பார்த்தால் கீழ்த்தாடையின் கனம் உடனே கண்ணில் படும். பிட்டேனியாட்டா அதைவிட மெலிந்த, நளினமான மீன்.

தண்ணீரும் ஒரு சாட்சி. ககாட்டுவாய்டிஸ் உகயாலிப் படுகையின் கலங்கல் நீரிலும் ஓரளவு கடினமான நீரிலும் வாழ்வது. அதனால்தான் நம் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரைக்கூட ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. பிட்டேனியாட்டா இலைச்சாறு ஊறிய, அமிலத்தன்மை கொண்ட மென்னீரை விரும்புவது. உங்கள் மீன்கள் சென்னையின் கடின நீரில் ஒரு வாரத்தில் நிமிர்ந்து நின்று உணவு கேட்டால் அது ஒரு துப்பு. தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் படங்களில் ஒன்றில் மட்டும் வயிற்றுப்பகுதி தெளிவாக இருக்கிறது. அதில் அரைகுறைக் கோடுகள் தெரிகின்றன, உதடும் தடித்திருக்கிறது. அந்த மீன் ககாட்டுவாய்டிஸ் என்று சொல்வேன். இன்னொன்றைப் பற்றிச் சொல்ல அந்தப் படம் போதாது.

கூர்வால் மீன் எளிது. பக்கப்பட்டை வாலடியில் நிற்காமல் வாலின் நடுவே நுனிவரை ஓடுகிறது. வாலின் உள்ளே இரு ஓரங்களையும் ஒட்டி வெளிறிய கோடு படுத்த 'வி' வடிவில் கூடுகிறது. முதுகுத் துடுப்பு முன்னால் எழும்பாமல் ஒரே சீராக இருக்கிறது. இது அகாசிஸி. 1875இல் ஸ்டைண்டாக்னர் விவரித்தது. 1865–66இல் அமேசானில் மீன் சேகரித்த லூயி அகாசியின் பெயரைத் தாங்கியது. பெருவிலிருந்து அமேசானின் முகத்துவாரப் பகுதி வரை பரவியிருக்கும் இந்த ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருக்கின்றன என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. நீல வால், சிவப்பு வால், மஞ்சள் வால் என்று ஆற்றுக்கு ஆறு மாறும். ஆகவே இதற்குப் பெண் தேடும்போது வேறு கடையில் இருக்கும் "அகாசிஸி பெண்" என்று எதையாவது வாங்கிச் சேர்க்காதீர்கள்.

இது என் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். பிரேசிலின் பாரா மாநிலத்தில் வாழும் அபிஸ்டோகிராமா கேட்டெய் என்ற இனத்தின் வெவ்வேறு நிறத் தொகுதிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2006இல் வெளியானது. நாம் ஒரே இனம் என்று சொல்லும் அந்தத் தொகுதிகளில், பெண்கள் தங்கள் தொகுதி ஆணையே தேர்ந்தெடுத்தன. நாம் தொட்டியில் வேறு வழியில்லாமல் அடைத்து வைத்தால் அவை கலக்கவும் கூடும். பிறக்கும் குஞ்சுகளுக்கு எந்த ஆற்றின் பெயரையும் வைக்க முடியாது. ஆற்றுமீன் வாங்கியதன் பொருளே அதில் போய்விடும்.

சிறியவற்றுக்கு வருவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. கலப்புப் பெட்டியில் வரும் எல்லாமே அபிஸ்டோகிராமா ஆகிவிடாது. புஜுர்கினா என்ற சிக்லிட்டின் குஞ்சுகள் வாடிக்கையாகக் கூடவே வந்துவிடும். அவற்றின் பக்கப்பட்டை நேராக வாலுக்குப் போகாமல், பின்னோக்கி மேலே சாய்ந்து முதுகுத் துடுப்பின் கடைசிப் பகுதியை நோக்கிப் போகும். இது ஒன்றே போதும். அவை வளர்ந்தால் உங்கள் அபிஸ்டோக்களைவிடப் பெரிதாகும், இப்போதே பிரித்துவிடுங்கள். பெருவிலிருந்து வரும் கிரெனிக்காரா பங்டுலேட்டம் இரண்டு வரிசைக் கரும்புள்ளிகளோடு சதுரங்கப் பலகையாகத் தெரியும். அதில் ஆண் பெண் பார்ப்பதே தனிக் கதை: கூட்டத்தில் ஆண் இல்லாவிட்டால் முதன்மைப் பெண் ஒன்று ஆணாகவே மாறிவிடும். "நான் வாங்கிய பெண் இப்போது ஆணாகிவிட்டது" என்று இந்த மீனை வைத்திருப்பவர் சொன்னால் சிரிக்காதீர்கள்.

மூன்றாவது விருந்தாளி அபிஸ்டோகிராமாய்டிஸ் புகல்பயென்சிஸ். 1965இல் மைன்கென் விவரித்த மிகச் சிறிய மீன். பார்வைக்கு அபிஸ்டோவின் குட்டிப் பெண்ணாகவே தோன்றும். குதத் துடுப்பின் முன்பகுதியில் உள்ள முட்களை எண்ணினால் பிரச்சினை தீரும்: அபிஸ்டோகிராமாவுக்குப் பெரும்பாலும் மூன்று, இதற்கு ஏழெட்டு. நல்ல படம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கினாலே எண்ணிவிடலாம்.

இப்போது அந்த ஐந்து மஞ்சள் மீன்கள். மஞ்சளாக, சிறியதாக, வட்ட வாலோடு இருந்தால் பெண் என்பது கடைக்கணக்கு. பெரிய ஆண் ஒன்று ஆளும் இடத்தில் வளரும் இளைய ஆண்கள் பெண்ணின் நிறத்திலும் அளவிலும் தங்கிவிடுவது அபிஸ்டோகிராமாவில், குறிப்பாக ககாட்டுவாய்டிஸில், நன்கு அறியப்பட்ட விஷயம். பெரிய ஆண் அதைப் பெண் என்று எண்ணித் தன் எல்லைக்குள் நடமாட விடும். முட்டையிடும் நேரத்தில் அந்த மாறுவேட ஆண் குகைக்குள் நுழைந்து தன் பங்கை முடித்துக்கொண்டு வெளியேறும். பெரிய ஆணையே ஏமாற்றும் வேடம், தொட்டிக்கு வெளியே நிற்கும் கடைக்காரரை ஏமாற்றாமல் விடுமா? பிடித்து அனுப்புகிறவர்களும் பெரியது ஆண், சிறியது பெண் என்றுதான் எண்ணிக் கட்டுகிறார்கள்.

வேடத்தைக் கலைக்க நான் முதலில் பார்ப்பது வயிற்றுத் துடுப்பு. மார்புத் துடுப்புக்குக் கீழே ஜோடியாகத் தொங்கும் துடுப்புகள் அவை. பருவம் வந்த பெண்ணில் இவற்றின் முன்விளிம்பு, அதாவது முள்ளும் முதல் ஒன்றிரண்டு கதிர்களும், தெளிவான கருப்பாக இருக்கும். வேடமிட்ட ஆணில் உடல் எவ்வளவு மஞ்சளாக இருந்தாலும் அந்த விளிம்பு கருப்பாக இருக்காது; மங்கலாகவோ நிறமற்றோ இருக்கும், நுனி சற்றே நீண்டு மெலிந்திருக்கும். ககாட்டுவாய்டிஸ், அகாசிஸி போன்றவற்றில் இந்த ஒரு குறியை வைத்தே பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடலாம். எல்லா இனங்களுக்கும் இது செல்லாது. மிக இளம் பெண்களிலும், பயந்து வெளுத்த பெண்களிலும் கருப்பு தெரியாது. ஆகவே கருப்பு இருந்தால் பெண் என்று எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் உடனே ஆண் என்று முடிவுகட்ட வேண்டாம்.

அடுத்தது முதுகுத் துடுப்பின் பின்நுனியும் குதத் துடுப்பின் பின்நுனியும். ஆணில் இவை கூராகி, வாலடியைத் தாண்டி நீளத் தொடங்கும். வால் இன்னும் வட்டமாக இருக்கும்போதே இது தொடங்கிவிடும் என்பதால் இளம் ஆண்களைப் பிடிக்க உதவும். பெண்ணில் பின்நுனி மழுங்கியே இருக்கும். பயணத்தில் துடுப்பு கிழிந்த மீனில் இதைப் பார்த்துப் பயனில்லை. வளரும் வரை காத்திருங்கள்.

குகைக்குள் நடப்பதும் சாட்சிதான். கவிழ்த்த தேங்காய்ச் சிரட்டைகளை ஓரத்தில் சிறு வாசல் வெட்டி ஆளுக்கு ஒன்று என்று வையுங்கள். சிரட்டை ஒன்றைத் தனதாக்கிக்கொண்டு, வாசலில் மணலைத் தள்ளி மூடி, பெரிய ஆணையே விரட்டத் துணிகிறதா? அது பெண். எந்தச் சிரட்டையிலும் நிலைக்காமல், மற்ற மஞ்சள் மீன்களிடம் கடி வாங்கிக்கொண்டு மூலைக்கு மூலை அலைகிறதா? அதன்மேல் ஒரு கண் வையுங்கள். பெரிய ஆண் ஏமாந்தாலும் பெண்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகின்றன என்பது என் அனுபவம்.

எல்லாவற்றுக்கும் மேலான சோதனை, பெரிய ஆணை அகற்றுவது. மூன்று பெரிய மீன்களையும் வேறு தொட்டிக்கு மாற்றி, ஐந்து சிறியவற்றை மட்டும் நன்றாக உணவு கொடுத்து வளர்த்துப் பாருங்கள். அடக்கி வைத்திருந்த ஆதிக்கம் நீங்கியதும் வேடமிட்ட ஆண் சில வாரங்களில் நிறமேறி, துடுப்பு நீண்டு, தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும். இனப்பெருக்க உறுப்பைப் பார்த்துச் சொல்லலாமே என்று சிலர் எழுதுவார்கள். பெண்ணின் முட்டைக்குழல் தடித்து மழுங்கியிருக்கும், ஆணுடையது மெலிந்து கூராக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது வெளியே தெரிவது முட்டையிடுவதற்குச் சற்று முன்னும் பின்னும்தான். அந்த நேரத்தில் எது பெண் என்று மீன்களே உங்களுக்குக் காட்டிவிட்டிருக்கும். கையில் பிடித்துக் கவிழ்த்துப் பார்ப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

பெண் எது என்று தெரிந்தால் போதாது, அது எந்த இனத்துப் பெண் என்பதும் தெரிய வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள், ஏனென்றால் அபிஸ்டோ பெண்கள் எல்லாம் ஒன்றுபோலவே மஞ்சளாக இருக்கின்றன. ஆணிடம் தேடிய அதே கருப்பைப் பெண்ணிடமும் தேடுங்கள். அகாசிஸி பெண்ணுக்கு வால் வட்டம்தான், ஆனால் பக்கப்பட்டை வாலுக்குள் நீளும்; வாலடியில் தனிப்புள்ளி இருக்காது. உடலும் ஒல்லி. பிட்டேனியாட்டா பெண்ணுக்கும் அந்த இரண்டாவது பட்டை உண்டு. ககாட்டுவாய்டிஸ் பெண்ணுக்குப் பெரிய வாயும் வயிற்றுக்கோடுகளும் உண்டு, கன்னம் கனத்திருக்கும். குஞ்சு காக்கும் கோலத்தில் இந்தப் பட்டைகள் மறைந்துவிடும் என்பதால், இனம் பார்க்க வேண்டியது பெண் சாதாரணமாக இரை தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில்.

சில இனங்களில் பெண்ணை வைத்துத்தான் இனத்தையே சொல்ல முடியும். உகயாலியின் கீழ்ப்பகுதியில் ஹெனாரோ எர்ரேரா ஊரை ஒட்டிய கருநீர் ஓடைகளிலிருந்து 1979இல் குல்லண்டர் விவரித்த நைஸ்ஸெனி அப்படி. ஆண் நீலச் சாம்பல், வட்ட வால், அதன் விளிம்பில் சிவப்பு. அழகுதான், ஆனால் நெருங்கிய உறவினங்களோடு குழம்பும். பெண்ணோ மஞ்சள் உடலில் கன்னத்திலும் விலாவிலும் வாலடியிலும் பெரிய கருந்திட்டுகளோடு நிற்கும். ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். பாண்டா என்ற வியாபாரப் பெயர் அந்தப் பெண்ணால் வந்தது. உங்கள் ஐந்தில் அப்படி ஒன்று இல்லை. இருந்திருந்தால் கேள்வியிலேயே எழுதியிருப்பீர்கள்.

அபிஸ்டோவில் கற்ற விதிகளை அப்படியே மற்றக் குட்டை சிக்லிட்டுகளுக்கும் நீட்டாதீர்கள். வெனிசுவேலா, கொலம்பியாவின் புல்வெளி ஆறுகளிலிருந்து வரும் ராமிரெஸியில், ஆற்றுமீனாக இருந்தால், பெண்ணின் வயிறு இளஞ்சிவப்பு. விலாவின் கரும்புள்ளிக்குள் நீலச் செதில்கள் மினுக்கும். ஆணின் முதுகுத் துடுப்பில் முன்முட்கள் நீளமானவை. பண்ணை ராமிரெஸியில் இந்த எல்லாமே தாறுமாறாகிவிட்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெல்விகாக்ரோமிஸில் அடர்ந்த செவ்வயிறும் வட்டமான வயிற்றுத் துடுப்பும் பெண்ணுக்கு உரியவை. காங்கோவின் மாய் இன்டொம்பே ஏரியில் வாழும் நானோக்ரோமிஸ் டிரான்ஸ்வெஸ்டிட்டஸில் வாலில் கருப்பு வெள்ளை வரிகளோடு அலங்காரமாக நிற்பது பெண்; ஆண் எளிமை. நம் உப்பங்கழிகளின் கரிமீனும் சிக்லிட்தான். அதில் ஆணும் பெண்ணும் வெளிப்பார்வைக்கு ஒன்றே, இனப்பெருக்க காலத்தில் உறுப்பைப் பார்த்துத்தான் ஓரளவு சொல்ல முடியும்.

ஜோடி சேர்ந்து முட்டையிட்டால் அடுத்து உங்களிடமிருந்து வரப்போகும் கேள்வி எனக்கு இப்போதே தெரியும்: "எல்லாக் குஞ்சுகளும் ஆணாகவே இருக்கின்றனவே, ஏன்?" அதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அபிஸ்டோகிராமாவில் குஞ்சு ஆணாகுமா பெண்ணாகுமா என்பதை, முதல் சில வாரங்களில் நீரின் வெப்பம் பெருமளவு தீர்மானிக்கிறது. ஜெர்மனியின் உவே ரோமரும் வொல்ஃப்காங் பைசன்ஹெர்ட்ஸும் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களை 23, 26, 29 டிகிரிகளில் வளர்த்து இதை 1996இல் காட்டினார்கள். வெப்பம் கூடக் கூட ஆண்கள் கூடின. அமிலத்தன்மையின் பங்கு அபிஸ்டோவில் சில இனங்களோடு நின்றுவிடுகிறது. பெல்விகாக்ரோமிஸ் புல்ச்சரில்தான் அது பெரிதாகத் தெரிகிறது. சென்னைக் கோடையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும் வீடுகளில், வரிசையாக ஆண்களாகவே வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மூடியை எடுத்துவிட்டு, நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறி ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மீன் துள்ளி வெளியே விழாமல் வலை போட்டுக்கொள்ளுங்கள். குஞ்சுகளுக்கு முதல் ஐந்தாறு வாரம் 25, 26 டிகிரியில் நிறுத்த முடிந்தால் இரு பாலும் கிடைக்கும். முடியாவிட்டால் மார்கழி, தை மாதங்களுக்குக் காத்திருங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: கூர்வால் அகாசிஸியைத் தனியே வையுங்கள். ஐந்து சிறியவற்றை ஒன்றாக வைத்துத் தேற்றுங்கள். கொண்டை வைத்த இரண்டு ஆண்களையும் நடுவே தடுப்பு இல்லாமல் சிறு தொட்டியில் விட வேண்டாம். ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடும். மூன்று வாரம் கழித்து ஐந்து சிறியவற்றுக்கும் மீனுக்கு மூன்று படம் அனுப்புங்கள்: முழுப் பக்கத்தோற்றம், வயிற்றுத் துடுப்பு, குதத் துடுப்பு. கடைசிப் படத்தில், ஐந்தில் மிகச் சிறியதாகத் தெரியும் மீனின் முட்களை எண்ண முடிகிற அளவு தெளிவு வேண்டும். அதன்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது.